முதுகுக்குப் பின்னால் ஒருவர்

காற்று வரவில்லை என்கிறார். பிடரியில் குத்துகிறதே, துப்பட்டா எனக்கு முன்னால் பறந்துகொண்டு நிற்கிறதே, இது காற்று இல்லாமல் என்ன என்று கேட்டால், "இது பின்காத்து மேடம். நமக்கு வேண்டியது பள்ளத்துலேர்ந்து ஏறி மூஞ்சிக்கு நேரா வரணும். வரும், உக்காருங்க" என்கிறார். உட்காருகிறேன். பாறை ஈரம். மந்திமேடு என்று ஓர் ஊர் இருப்பதே சென்ற வருடம் வரை எனக்குத் தெரியாது. தேனியிலிருந்து வரும் பஸ் கடைசியாக நின்று மூச்சு வாங்குகிற இடம். ஒரு கடைத்தெரு, ஒரு மாதா கோயில், சரிவெல்லாம் கோஸும் காரட்டும், நடுநடுவே கூடாரத்தில் தங்கலாம், பாறை ஏறலாம், சைக்கிளில் மலை இறங்கலாம், பறவை போலப் பறக்கலாம் என்று கலர் கலராகப் பலகைகள். பலகையில் பறக்கிறவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். நிஜத்தில் இன்றைக்கு இந்த மொட்டைப்பாறையில் பறக்க வந்திருப்பது நான் ஒருத்திதான், அதுவும் பறக்க வரவில்லை. இந்த மனிதரைப் பார்க்க வந்திருக்கிறேன். சவரிநாதன். ஐம்பதைத் தாண்டியவர், குட்டை, கறுப்பு, வலது முழங்காலில் ஒரு பட்டை. ஆட்களைத் தன் பாராசூட்டில் கட்டிக்கொண்டு இந்தப் பாறையிலிருந்து குதிப்பது இவர் தொழில். இவரைத்தான் என் அம்மா கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே வந்து இருக்கப் போகிறேன் என்கிறாள். நான் அவள் மகள் என்று இவருக்குத் தெரியாது. கீழே ஜீப்பில் ஏறும்போது பெயர் கேட்டார். சுகன்யா என்று சொல்ல வாயெடுத்து, ஆபீஸில் எனக்கு எதிர் மேஜைக்காரி பிரேமலதாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். ஊர் கரூர் என்றேன், திருச்சி என்பதற்குப் பதிலாக. அதிலிருந்து "பிரேமலதா மேடம்" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் ஒரு நொடி தாமதமாகத் திரும்புகிறேன். காது மந்தம் என்று நினைத்திருப்பார். குரலைச் சற்று உயர்த்தித்தான் பேசுகிறார்.

கறுப்புக் கண்ணாடி எவ்வளவு வசதி. என் படத்தை அம்மா இவருக்குக் காட்டியிருப்பாளோ என்று பஸ்ஸில் வந்த வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். இப்போது தலைக்கவசம் தாடைவரை இறங்கியிருக்கிறது, என்னை எனக்கே அடையாளம் தெரியாது, ஆசை தீரப் பார்க்கலாம். மீசைக்கு மை அடிக்கிறார். அடித்து நாளாகிவிட்டது, வேரில் வெள்ளை. அம்மாவைப் பார்ப்பதற்கு முன்பும் அடித்தாரா, பார்த்த பிறகா? புல்லைக் கிள்ளி மேலே விட்டுப் பார்க்கிறார், புல் பள்ளத்தின் பக்கம் போகிறது, உதட்டைப் பிதுக்குகிறார். என் தொடைப் பட்டையின் கொக்கியைப் பார்க்க வந்தவர் குனிவதற்கு முன் சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடி எடுத்து மாட்டிக்கொள்கிறார். கொக்கிக்கே கண்ணாடி வேண்டும் என்றால் தரைக்கு? "தூரத்துல இருக்கறது பளிச்சுனு தெரியும் மேடம். கிட்ட இருக்கறதுதான் தகராறு" என்கிறார், கேட்காமலே. பிறகு, "எறங்கும்போது என்கூட எறங்கறீங்களா, தனியா எறங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். நகைச்சுவை. எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி ஓரம் மழுங்கிப்போனது. அம்மாவிடமும் இதையேதான் கேட்டிருப்பார். அவள் சிரித்தாளா, அல்லது என்னைப் போல உதட்டை மட்டும் விரித்தாளா? அப்புறம் ஜீப் நிறுத்தும் இடம் பற்றி ஆரம்பித்தார். விடுதிக்காரர்கள் பாதையை மறித்துக் கார் விடுகிறார்களாம், பஞ்சாயத்தில் பேசினாராம், அவர்கள் ஒன்று சொன்னார்களாம், இவர் ஒன்று சொன்னாராம். முடியவே இல்லை. நான் ஒரு வேட்டைக்காரனையோ மயக்குகிறவனையோ எதிர்பார்த்து வந்திருக்கிறேன் போலிருக்கிறது, ஏனென்றால் ஏமாற்றமாக இருக்கிறது. இவர் சலிப்பூட்டுகிறவர். திருச்சியில் எங்கள் தெருமுனை மாவு மில்லில் நின்றால் இப்படி நாலு பேர் கிடைப்பார்கள். இவருக்காகவா அம்மா?

அரிசி களைந்துகொண்டேதான் சொன்னாள். "பாப்பா, நான் மந்திமேட்டுக்குப் போய் இருக்கலாம்னு பாக்கறேன்." எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். களைந்த தண்ணீரைச் சாய்த்தாள், அரிசி போகாமல் விரலால் தடுத்தாள், "இனிமே" என்றாள். ஒரே சொல். அதற்குப் பிறகுதான் அங்கே ஒருத்தர் இருக்கார் என்பதெல்லாம். அந்த 'இனிமே'யை நான் இன்னும் வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். என் அம்மா தமயந்தி வேலையிலிருந்த காலமெல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தவள். சனங்களுக்கு அவள் கைதான் தெரியும், முகம் தெரியாது. சந்தையில் கண்ணாடி வளையலைப் பார்த்து அடையாளம் கண்டு, "நீங்க மாத்திரை அம்மாதானே" என்று நின்று பேசுவார்கள். சாப்பிட்டீங்களா, வெறும் வயித்துல போடக்கூடாது என்பதை அந்த ஓட்டை வழியாக எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாளோ. அப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர். சிலிண்டரை மூடிவிட்டுப் படுத்தபின் எழுந்து போய் இன்னொரு தடவை மூடுவார். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவர் பக்கம் போனால் கீழே தெருவிலிருந்தே கத்துவார். அவர் போனபிறகு அந்த இரண்டாவது தடவையை அம்மா எடுத்துக்கொண்டாள். இருட்டில் அவள் அடுப்படிக்கு நடந்து போகும் சத்தம் கேட்கும், எனக்கு ஆறுதலாக இருக்கும். அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்றவர்களோடு சுற்றுலா என்று ஒரு வேனில் ஏறி வந்து, மற்றவர்கள் தைல பாட்டிலும் தேயிலையும் வாங்கிக்கொண்டிருந்தபோது, இந்தப் பாறைக்கு வந்து, இவரோடு கட்டிக்கொண்டு குதித்திருக்கிறாள். யாரோ எடுத்த படத்தை எனக்கு அனுப்பினாள். வாயைப் பெரிதாகத் திறந்திருந்தாள். அலறுகிறாளா சிரிக்கிறாளா என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாய்க் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை காற்று மாற வேண்டும் என்று கிளம்பிவிடுவாள். நானும் மூட்டுவலிக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மஸ்கட்டிலிருந்து அண்ணன் ஒரே பேச்சாகப் பேசி முடித்துவிட்டான். சொந்தக்காரங்க மூஞ்சில எப்படி முழிக்கறது, வேற மதம் வேற, கோயில்ல மோதிரம் மாத்துவாங்களா, நீ கூட இருந்துகிட்டு என்ன பண்ணிட்டிருந்தே. நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. உப்பு போதுமா, பால் வந்ததா என்று அவளோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் சுற்றிக்கொண்டு நடந்தேன், கூடத்தில் யாரோ படுத்திருப்பதைப் போல. என்ன பயம் எனக்கு? மானம் என்று சொல்லலாம். ஏமாற்றிவிடுவானோ என்று சொல்லலாம், அதுதான் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஈரப்பாறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எட்டிப் பார்ப்பது பள்ளி வேன். என் மகன் ஆதவன் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது தெருமுனையில் அம்மா நிற்பாள். புத்தகப் பையை வாங்கிக்கொள்வாள். அவள் இங்கே வந்துவிட்டால் அந்த முனையில் யார் நிற்பது? என் கணவரும் நானும் வீடு திரும்ப இருட்டிவிடும். இதுதானா? இவ்வளவுதானா? அம்மாவின் மிச்ச ஆயுளும் என் பக்கத் தராசில் ஒரு பள்ளி வேனும். சே, அப்படி இல்லை, அவள் மேல் எனக்கு அக்கறை, அவள் மூட்டு, அவள் பிரஷர், இந்தக் குளிர், இங்கே நல்ல ஆஸ்பத்திரி உண்டா, வரும்போது பார்த்தேனா, மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது, பூட்டியிருந்தது, எப்போதும் அப்படித்தானா? பார்த்தாயா, அக்கறைதான். ஆனால் வேன் போகவில்லை. அங்கேயே நின்று ஹாரன் அடிக்கிறது.

சவரிநாதனின் ஃபோன் அடிக்கிறது. எழுந்து இரண்டு எட்டு தள்ளிப் போகிறார், ஆனால் மலையில் இரண்டு எட்டு ஒன்றும் தூரம் இல்லை. "ம்... இல்ல, இன்னும் ஏறல. காத்துக்கு உக்காந்திருக்கோம்." குரல் இறங்கிவிட்டது. பஞ்சாயத்துக் குரல் இல்லை. "ஒரு மேடம்தான். தனியா. கரூராம்... ம்... முழங்கால்லாம் பரவால்ல. ஒத்தடம் கொடுத்தேன். நீ சொன்ன மாதிரிதான்." நீ. என் அம்மாவை இவர் நீ என்கிறார். அம்மாவா அது? வேறு யாராவது? ஒத்தடம் கொடுக்கச் சொல்ல இவருக்கு ஊர் முழுக்க ஆட்களா? பிறகு நெடுநேரம் அந்தப் பக்கத்தைக் கேட்கிறார், தலையை ஆட்டுகிறார், எதிரில் ஆள் இருப்பதைப் போல. "கேக்கலயே... சரி, கேக்கறேன்." என் பக்கம் திரும்புகிறார். ஃபோனைக் கையால் பொத்திக்கொள்கிறார். "மேடம், சாப்பிட்டீங்களா? வெறும் வயித்துல ஏறக்கூடாது. கொமட்டும்." இல்லை என்று தலையாட்டினேன். "சாப்பிடலயாம்" என்று ஃபோனில் சொல்லிவிட்டு, பைக்குள் கைவிட்டு ஒரு பன்னையும் மலை வாழைப்பழத்தையும் எடுத்து நீட்டுகிறார். வாங்கிச் சாப்பிடுகிறேன். எனக்கு எதிரில் நிற்கிற ஆளின் காதுக்குள் என் அம்மா இருக்கிறாள். யாரோ கரூர்க்காரி வெறும் வயிற்றோடு இருக்கிறாளே என்று வீட்டிலிருந்து கவலைப்படுகிறாள். நான் மதுரை ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பதாக அவளுக்கு நினைப்பு. பழம் இனிப்பாக இருக்கிறது. விழுங்க முடியவில்லை, விழுங்குகிறேன்.

கழுத்தில் இருந்த குளிர் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது? துப்பட்டா மடியில் கிடந்தது, பிறகு மெல்லக் கிளம்பி என் முகத்திலேயே வந்து அறைந்தது. "வந்துருச்சு. எந்திரிங்க, எந்திரிங்க" என்கிறார். துப்பட்டாவை உருட்டி என் சட்டைக்குள் திணித்துக்கொள்ளச் சொல்கிறார். எல்லாம் மளமளவென்று நடக்கிறது, நான் முன்னால், அவர் பின்னால், என் முதுகும் அவர் நெஞ்சுமாகக் கொக்கி மாட்டுகிறது, இதை நான் யோசிக்கவே இல்லையே, பார்க்க வந்த ஆள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாரே. "ஓடணும் மேடம். நான் உக்காரச் சொல்ற வரைக்கும் உக்காரக்கூடாது. தரை இல்லேன்னாலும் ஓடுங்க." தரை இல்லாமல் எப்படி ஓடுவது என்று கேட்பதற்குள் தலைக்கு மேல் ஏதோ படபடவென்று எழுந்து பின்னுக்கு இழுத்தது, ஓடு ஓடு ஓடு என்று காதோரம் கத்தினார், ஓடினேன், கல் தெரிந்தது, புல் தெரிந்தது, பிறகு என் செருப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, கால் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அலறினேனா? வாய் திறந்திருந்தது, பல்லில் குளிர் பட்டது, சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. "உக்காரலாம்." உட்கார்ந்தேன். வயிறு பாறையிலேயே தங்கிவிட்டது. கண்ணைத் திறந்தால் ஊர் முழுவதும் தொடைகளுக்கு நடுவே இருக்கிறது. பஸ் திரும்புகிற இடம், மாதா கோயில் கூரையில் காயப்போட்ட மிளகாய், சைக்கிளில் வளைந்து வளைந்து இறங்குகிற இரண்டு பேர், கோஸ் வரிசைகள் சீப்பால் வாரியது மாதிரி. சத்தமே இல்லை. எங்கோ ஒரு நாய் குரைக்கிறது, அது மட்டும் தனியாக மேலே ஏறி வருகிறது. பயம் இருக்கிறது, ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே வேறொன்று உட்கார்ந்துகொண்டு அங்கே என்ன, அந்த வளைவுக்கு அப்பால் என்ன, அந்த நீலக் கூரை யாருடையது என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கும் இப்படித்தான் கேட்டிருக்குமா?

மேலே வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார் என்பதை மெதுவாகத்தான் கவனித்தேன். பஞ்சாயத்து இல்லை, நகைச்சுவை இல்லை. மூச்சு மட்டும். நான்தான் பேசினேன், முகம் தெரியாத தைரியத்தில். "உங்க வீடு எங்க இருக்கு?" "அந்தா, நீலக் கூரை. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல." "வீட்ல எல்லாரும்?" "சம்சாரம் தவறிட்டாங்க மேடம். வருசமாச்சு. புள்ளைங்க இல்ல." கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தோம், வெயில் முகத்துக்கு வந்தது. "இப்ப ஒருத்தங்க இருக்காங்க. வருவாங்கன்னு நெனைக்கறேன்." நெனைக்கறேன்? "வருவாங்கன்னா, இன்னும் முடிவாகலயா?" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "அவங்களுக்குச் சம்மதம்தான். அவங்க மக இருக்காங்க. அவங்க வாயால சரின்னு சொல்லணும். மகன் சொன்னதுக்கெல்லாம் அழுதாங்க, ஆனா அசையல. மக ஒண்ணுமே சொல்லலயாம். அதான் தாங்கலங்கறாங்க." காற்று பட்டைகளுக்கிடையில் விசிலடித்தது. "சொல்லலேன்னா?" என்றேன். "சொல்லலேன்னா வரமாட்டாங்க மேடம். இந்த மாசம் மாதா கோயில் திருவிழா. அதுக்குள்ள தெரிஞ்சிரும்னாங்க. நான் கேக்கறதில்ல. கேட்டா எனக்கும் சேத்து அவங்க பதில் சொல்லணும்ல."

இனிமே என்றாளே. முடிவாகத்தானே சொன்னாள், அரிசியைச் சாய்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல். என் முகத்தைப் பார்க்காமல். அவள் எனக்கு அறிவித்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, உப்பு போதுமா என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அதற்கடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள். வேனுக்குப் போய் நின்றிருக்கிறாள். நான் என் வாயை மூடிக்கொண்டிருந்தே அவளைத் தெருமுனையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். "நான்தான்" என்றேன். "என்ன மேடம்?" என்றார் சத்தமாக, என் காது மந்தத்தை நினைத்துக்கொண்டு. "தமயந்தி பொண்ணு. நான்தான் அது."

திரும்பிப் பார்க்க முயன்றேன், தலைக்கவசம் இடித்தது, பட்டை தோளைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு முகத்தைப் பார்க்கத்தான் மலையேறி வந்தேன், பார்த்தே ஆக வேண்டிய நொடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தூரத்து மலையும் என் செருப்பும். பிறகு பிடரிக்குப் பக்கத்தில் மிக மெதுவாக, "பாப்பாவா?" என்றது குரல். அம்மாவையும் அப்பாவையும் தவிர யாரும் அழைத்திராத பெயர். அண்ணன்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. இவர் வாயில் அது எத்தனை நாளாக இருந்திருக்கிறது, எவ்வளவு பழகியிருந்தால் இத்தனை சாதாரணமாக வரும்? "ஆமா" என்றேன். பாராசூட் ஒரு பக்கமாகத் தணிந்தது. "ஏம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? மொதல்லயே சொல்லிருந்தா ஏத்திருக்கவே மாட்டேனே." "ஏன்?" "கை வேர்க்குதும்மா. ரெண்டு கையும் வேர்க்குது. எறங்கற வரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். உங்கள ஏதாவது பண்ணிட்டேன்னா நான் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்." இறங்குவதற்கென்று வெட்டி வைத்திருந்த மைதானம் இடப்பக்கமாக வந்தது, அதில் ஒரு சிவப்புத் துணி ஆடியது, வந்தது, எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அவர் பின்னால் ஏதோ முணுமுணுத்தார், மாதாவே என்பது மட்டும் புரிந்தது. பச்சை வரிசைகள் எங்களைப் பார்த்து வேகமாக வந்தன. "காலத் தூக்குங்க, காலத் தூக்குங்க பாப்பா!" தூக்கினேன். கோஸ்கள் நொறுங்கும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது, மண் வாய்க்குள் வந்தது, தலைக்கு மேலிருந்த துணி அலுத்துப்போய் எங்களைத் தாண்டி விழுந்து படுத்துக்கொண்டது.

இருவரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்திருக்கிறோம். "அடி பட்டுச்சா? எங்கயாச்சும் வலிக்குதா? கையக் காட்டுங்க, கால அசைங்க" என்கிறார். ஒன்றும் இல்லை. கொக்கியைக் கழற்ற அவர் விரல் வரவில்லை, நானே கழற்றிக்கொண்டு திரும்புகிறேன். கடைசியில் முகம். மண் ஒட்டிய மீசை, ஒரு பக்கம் சரிந்த தலைக்கவசம், என்னை நேராகப் பார்க்காமல் என் காலையும் கையையுமே சோதித்துக்கொண்டிருக்கிற கண்கள். இதில் என்ன படிக்கலாம் என்று பார்க்கிறேன். ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. பயந்துபோன ஒரு மனிதர், அவ்வளவுதான். வரப்பிலிருந்து ஒரு பெண் கையில் அரிவாளோடு ஓடி வருகிறாள். "ஏன் சவரி, அம்புட்டுப் பெரிய மைதானம் கெடக்கு, ஒனக்கு என் கோஸுதான் கெடச்சுதா?" "காத்து தள்ளிருச்சு லூர்தக்கா" என்கிறார். காற்றின் மேல் பழி போடுகிறார், சரளமாக. அவள் கோஸ்களை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரு இந்தப் புள்ள?" என்கிறாள். அவர் வாயைத் திறக்கிறார். மூடுகிறார். எதைச் சொன்னாலும் அது எனக்காக அவர் சொல்கிற பதிலாகிவிடும், அவருக்குத் தெரிகிறது. எழுந்து கயிறுகளை எடுக்கப் போய்விடுகிறார். நான் எழுந்து சுடிதார் மண்ணைத் தட்டுகிறேன்.

"எங்கம்மா இந்த ஊருக்குக் குடி வராங்க" என்கிறேன். "எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வரட்டும், வரட்டும். குளுருதான். ஒரு மழைக்காலம் போனா பழகிரும். யாரு வீட்டுக்கு?"

"இவர் வீட்டுக்குத்தான்."

லூர்தக்கா அவரைத் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு குனிந்து, பிளந்து கிடந்த கோஸ் ஒன்றை அரிவாளால் அடியோடு வெட்டி, வெளி இலைகளை உரித்துப் போட்டுவிட்டு என் கையில் கொடுக்கிறாள். "ஒடஞ்சது ஒடஞ்சிருச்சு. கூட்டு வையி" என்கிறாள். கனமாக இருக்கிறது, ஜில்லென்று இருக்கிறது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிறார். ஒரு கயிறு கோஸ் இலையில் மாட்டியிருந்தது, அதை எடுக்கத்தான் உட்கார்ந்தார். கயிறு எப்போதோ விடுபட்டுவிட்டது. அவர் விரல் இன்னும் அந்த இலையை நீவிக்கொண்டே இருக்கிறது.